பீடியை நிறுத்தத் துணை வேண்டும்



போன மாதக் கூட்டத்தில் உள்கடன் மனுக்களைப் படித்துக்கொண்டிருந்தோம். காவலூர் குழு ஒன்றிலிருந்து வந்த மனுவில் காரணம் என்ற இடத்தில் 'கணவர் மருத்துவச் செலவு' என்று இருந்தது. போன வருஷமும் அதே உறுப்பினர், அதே காரணம். கூப்பிட்டு விசாரித்தோம். கணவருக்குக் காசநோய் வந்தது. மாத்திரை அரசாங்கத்தில் இலவசம்தான். ஆனால் திருப்பத்தூர் போய் வர வண்டிக் கூலி, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி என்று பணம் கரைந்துவிட்டது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்தார். பீடியை மட்டும் நிறுத்தவில்லை. இப்போது மறுபடியும் இருமல்.

"பீடிக் கட்டை அடுப்புல போட்டேன், சண்டை போட்டேன், பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் வாங்கினேன். மூணு நாள் நிப்பாரு. நாலாம் நாள் கொல்லைப் பக்கம் புகை வரும்" என்றார் அந்தச் சகோதரி. பாதிப் பேர் சிரித்துவிட்டோம். நம் வீட்டிலும் இதே கதைதானே! பிறகுதான் யோசித்தோம். நாம் எல்லோரும் சண்டை என்ற ஒரே முறையைத்தான் இத்தனை வருஷமாகச் செய்து பார்த்திருக்கிறோம். வேறு முறை இருக்கிறதா? இருக்கிறது. அதுதான் இந்த மாதப் பாடம்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். "மனசு வெச்சா விட்டுடலாம், இவருக்கு மனசு இல்லை" என்று நாம் சொல்கிறோம். புகையிலையில் நிக்கோட்டின் என்ற பொருள் இருக்கிறது. புகையை இழுத்த சில விநாடிகளில் அது மூளைக்குப் போய்விடும். வருஷக்கணக்கில் பழகிய மூளை, அது கிடைக்காவிட்டால் கேட்டு அடம் பிடிக்கும். எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு, எதிலும் கவனம் நிற்காமை, அதிகப் பசி எல்லாம் வரும். இந்தத் தொல்லை இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். அந்தச் சகோதரி சொன்ன 'மூணு நாள்' கணக்கு சரியாகத்தான் இருக்கிறது! அதைத் தாண்டிவிட்டால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாக அடங்கும்.

பீடி சின்னதுதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. பீடி இலை சுலபத்தில் எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் நுரையீரலுக்குள் போகும் நஞ்சு குறைவதில்லை, கூடுகிறது.

நம் தமிழ்நாட்டிலேயே இதைப் பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் கஜலட்சுமியும் அவருடன் சேர்ந்தவர்களும் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரத்தை வீடு வீடாகக் கேட்டுச் சேகரித்தார்கள். உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். 2003-ல் முடிவு வெளியானது. புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைப் போல நான்கு மடங்குக்கும் மேல். கிராமத்தில் அவர்கள் பிடித்தது பெரும்பாலும் பீடி. மாத்திரையும் பீடியும் ஒரே வாயில் போனால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரிகிறது.

சரி, எப்படி நிறுத்துவது? எந்த உதவியும் இல்லாமல் தானாக நிறுத்த முயன்றால் 100 முயற்சியில் 4 தான் வெற்றி பெறுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் அந்த வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஆகவே நம் வீட்டுக்காரர் மூன்று முறை தோற்றிருந்தால், அவர் அந்த 96-ல் ஒருவர், அவ்வளவுதான். அதை வைத்து "உங்களால எதுவும் ஆகாது" என்று சொல்லிக் காட்ட வேண்டாம். 2016-17-ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நிறுத்த நினைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நம்மிடம் சொல்லாமல் இருக்கலாம். மனதில் இருக்கிறது.

செய்ய வேண்டியது முதலில் ஒரு தேதி குறிப்பது. இன்றைக்கே என்று அவசரப்படாமல், ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒரு நாள். அந்தத் தேதியை அவரே சொல்ல வேண்டும். திருவிழா, கல்யாணம், அறுவடை நெருக்கடி இல்லாத நாளாகப் பாருங்கள். அதற்கு முன் எந்த நேரத்தில் பீடி தேடுகிறார் என்று கவனித்து வைத்தால் நல்லது. காலை டீயோடு, சாப்பிட்ட பிறகு, சாமைக் கொல்லையில் வேலை நடுவில், கூட்டாளிகளோடு உட்கார்ந்தால் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் இருக்கும். குறித்த நாளுக்கு முந்தைய ராத்திரி பீடி, தீப்பெட்டி எல்லாம் வீட்டை விட்டுப் போக வேண்டும். அவர் கையாலேயே போகட்டும்.

அடுத்தது தொலைபேசி. 1800-11-2356 என்ற எண்ணில் தேசிய புகையிலை நிறுத்த உதவி மையம் 2016 முதல் இயங்குகிறது. காசு கிடையாது. தமிழிலும் பேசலாம். காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கள் மட்டும் விடுமுறை. சிகரெட், பீடி உறைகளிலேயே இந்த எண்ணை அச்சிட வேண்டும் என்று 2018-ல் விதி வந்தது. ஆனால் உறையை யார் படிக்கிறார்கள்? மலையில் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு அவரை அழைத்துக்கொண்டு போய்ப் பேச வையுங்கள். பேச வேண்டியவர் புகைப்பவர்தான், நாம் அவருக்குப் பதிலாகப் பேசினால் பலன் இல்லை. ஆலோசகர் எத்தனை வருஷப் பழக்கம், தினம் எத்தனை என்று கேட்டு, தேதி குறிக்க உதவுவார். பிறகு அவர்களே திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். மனைவி கேட்டால் கோபம் வரும், வெளியாள் கேட்டால் "ஆமாங்க" என்று பதில் சொல்வார்கள். இந்த முறையின் சூட்சுமமே அதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

பீடி ஆசை வந்தால் அது சில நிமிஷங்கள்தான் நிற்கும். அலை மாதிரி ஏறி இறங்கிவிடும். அந்த நேரத்தைக் கடத்த வேண்டும். தண்ணீரை வாய் வாயாகக் குடிக்கலாம். நாலு முறை மூச்சை ஆழமாக இழுத்து விடலாம். எழுந்து மாட்டைப் பிடித்துக் கட்டலாம். வாயில் போட சோம்பு, கிராம்பு, நெல்லிக்காய் ஏதாவது மடியில் இருக்கட்டும்.

எழுந்தவுடன் பீடி தேடுகிற அளவுக்குப் பழகியவர்களுக்கு இது மட்டும் போதாது. அவர்களுக்கு நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறது. வானத்தைப் பார்க்க 2.3 மீட்டர் தொலைநோக்கி உள்ள ஊர் காவலூர், ஆனால் இந்த சூயிங்கம் வாங்க ஆலங்காயமோ வாணியம்பாடியோ இறங்கத்தான் வேண்டும்! மருத்துவரிடம் கேட்டு எந்த அளவு என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். மிட்டாய் மாதிரி கடகடவென்று மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் நிறுத்தி, புகையிலை அடக்குவது போலக் கன்னத்து ஓரம் அடக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரத்தில் துப்பிவிடலாம். டீ, காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் போடக் கூடாது, வேலை செய்யாது. சுமார் மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டும். இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாத்திரைகளும் உண்டு, மருத்துவர் சீட்டு இல்லாமல் வேண்டாம். அதில் ஒன்று வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. 'சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுங்கள்' என்று விற்கிற பொடிகளை வாங்கி ஏமாற வேண்டாம்.

நேரில் பார்க்க வேண்டுமானால் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 2002 வாக்கில் நாட்டில் முதன்முதலாக 13 புகையிலை நிறுத்த மையங்கள் தொடங்கியபோது அதில் ஒன்று சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் வந்தது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வருகிற தன்னார்வலர் நம் மகளிர் குழுக்களிலிருந்து போனவர்தான். பீடியைப் பற்றியும் அவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

காவலூர் சகோதரியின் கணவர் மேட்டில் நின்று பேசினார். தேதி குறித்தார். பதினெட்டு நாள் பீடி இல்லை. பிறகு ஒரு சாவு வீட்டில் தாம்பாளத்தில் வைத்திருந்த பீடியை எடுத்துவிட்டார். நம் பக்கம் துக்க வீட்டில் பீடி வைப்பது மரியாதை என்று பழகிவிட்டது. இதை எப்போது மாற்றப் போகிறோமோ! "போச்சு, இனிமே அவ்வளவுதான்" என்று சகோதரி அழுதார். அப்படி இல்லை. ஒரு பீடி குடித்தால் பதினெட்டு நாளும் வீணாகிவிடாது. எங்கே சறுக்கியது என்று பார்த்து, மறுநாளே தொடங்கலாம். பலர் பல முறை முயன்றுதான் விடுகிறார்கள். அவரும் மறுபடி தொடங்கியிருக்கிறார். இது எழுதும்போது ஒன்பதாவது நாள். சகோதரி இந்த முறை சத்தியம் எதுவும் கேட்கவில்லை. எரிந்து விழுந்தால் பதில் பேசாமல் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வைக்கிறாராம்.

இன்னொரு வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பீடியை நிறுத்திய அண்ணன் ஒருவர் பொட்டலப் புகையிலைக்கு மாறிவிட்டார். அதுவும் அதே நிக்கோட்டின்தான், வாய்ப் புற்றுநோய் வேறு. நாமும் வெற்றிலையோடு புகையிலை போடுகிறோமே, அதற்கும் மேலே சொன்ன எண்ணும் முறையும் அப்படியே பொருந்தும். வெட்கப்படாமல் பேசலாம். குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கிற சகோதரிகளுக்குப் புகையிலைத் தூள் மூச்சில் போகிற தொல்லை தனி, அதைத் தனியாக எழுத வேண்டும்.

பணக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். தினம் 30 ரூபாய் பீடிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 900, வருஷம் 10,950. அந்தச் சகோதரி தினம் அந்த 30 ரூபாயைக் கணவர் கையாலேயே உண்டியலில் போட வைக்கிறார். உள்கடன் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. வண்டிக் கூலிக்கு இந்த முறை எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்று உண்டியலை எண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அடுத்த வாரக் கூட்டத்தில் சந்தா வசூலித்து முடித்த பிறகு ஊக்குநர் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டவும். யார் வீட்டில் யார் நிறுத்த விரும்புகிறார்கள், எந்தத் தேதி என்று தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம், அவர்கள் சம்மதித்தால் மட்டும். துக்க வீட்டுத் தாம்பாளத்தில் பீடிக்குப் பதில் என்ன வைக்கலாம் என்பதையும் பேசி எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.