சாயங்காலப் பால் மட்டும் ஏன் திரிகிறது?

கேள்வி: எங்களிடம் நான்கு ஜெர்சி கலப்பு மாடுகள் கறவையில் இருக்கின்றன. வேளைக்குப் பன்னிரண்டு லிட்டர் வரை சங்கத்தில் ஊற்றுகிறோம். பங்குனி பிறந்ததிலிருந்து சாயங்காலப் பாலை அடிக்கடி திருப்பி அனுப்புகிறார்கள். சோதனைக்குக் காய்ச்சினால் திரிகிறதாம். காலைப் பாலில் ஒரு குறையும் இல்லை. மூன்று மணிக்குக் கறந்து ஐந்தரைக்கு ஊற்றுகிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர் கலப்பதில்லை; கொழுப்பும் நன்றாகத்தான் வருகிறது. ஒரு சிட்டிகை சோடா உப்பு போடச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். ஃப்ரிட்ஜ் வாங்கலாம் என்கிறான் மகன். எதைக் கேட்பது? இன்னொன்று: என் மாமியார் பேரனுக்குக் கறந்த சூட்டோடு பச்சைப் பால் கொடுக்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறதம்மா. மடிநோய் கண்ட மாட்டின் பாலோ, ஈன்று சில நாளே ஆன மாட்டின் சீம்பாலோ கலந்தாலும் காய்ச்சும்போது திரியும். ஆனால் அப்படியென்றால் காலையிலும் திரிய வேண்டுமே. வெயில் மேல் பழி போடுவது சுலபம். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. நல்ல மடியிலிருந்து சுத்தமாகக் கறந்த பாலுக்குத் தன்னையே காத்துக்கொள்ளும் சக்தி கொஞ்ச நேரம் உண்டு. அதிலுள்ள லாக்டோபெராக்ஸிடேஸ் போன்ற பொருள்கள், கறந்த சூட்டிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பாக்டீரியாவைத் தலையெடுக்க விடாது. அதற்குப் பிறகும் பால் புளிக்க நேரம் பிடிக்கும். உங்கள் பால் இரண்டரை மணி நேரத்தில் திரிகிறதென்றால், கறந்து ஊற்றும்போதே ஏகப்பட்ட பாக்டீரியா அதில் சேர்ந்துவிட்டது.

என் சந்தேகம் கேன் மேல். காலையில் சங்கத்திலிருந்து திரும்பியதும் அவசரமாக ஒரு அலசு, மூடியைப் போட்டுத் திண்ணையில் வைப்பது. பல வீடுகளில் நடப்பது இதுதான். உள்ளே ஈரம், மூடியிடுக்கில் பால் பிசுக்கு, வெளியே உச்சி வெயில். அந்தச் சூட்டில் ஒரு பாக்டீரியா அரை மணிக்கொரு முறை இரண்டாகும் என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்தில் ஒன்று 65,536 ஆகிவிடும். இரவில் இவ்வளவு சூடு இல்லாததால் காலைப் பால் தப்பித்துக்கொள்கிறது. நாளைக்கு மதியம் இரண்டரை மணிக்குக் கேனைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளிச்ச வாடை அடித்தால் வேறு சோதனையே வேண்டாம்.

கழுவுவதில் ஒரு வரிசை உண்டு. பால் ஊற்றிய கையோடு பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் பாலின் புரதம் வெந்து உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகுதான் வெந்நீரும் சோப்புத்தூளும் பிரஷ்ஷும். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தேயுங்கள். அதைக் கழற்றலாம் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. அலுமினியக் கேன் என்றால் சலவை சோடா ஆகாது, உலோகத்தை அரித்துவிடும். பெயின்ட் வந்த பிளாஸ்டிக் வாளியில் கறக்கிறீர்களா? அதை இன்றே சாணிக்கு மாற்றிவிடுங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கை எவ்வளவு தேய்த்தாலும் கீறலுக்குள் இருப்பது வராது. கழுவியதை வெயிலில் கவிழ்த்து வையுங்கள், மூடி தனியாக. வடிகட்டும் துணிக்கும் இதே விதிதான். கொட்டகைக் கம்பத்தில் ஈரத்தோடு தொங்கும் துணி பாலைச் சுத்தம் செய்யாது. அதிலிருப்பதைப் பாலில் இறக்கும்.

கேனோடு கையையும் பாருங்கள். கறக்கும் விரலைப் பாலிலோ தண்ணீரிலோ நனைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால் விட வேண்டும். காம்பிலுள்ள அழுக்கு சொட்டுச் சொட்டாகச் செம்பில் இறங்கும். கன்று ஊட்டிய பிறகு காம்பைக் கழுவி, மாட்டுக்கொரு துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுக் கறக்கவும். முதல் இரண்டு மூன்று பீச்சைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். அதில் திரித்திரியாகத் தெரிந்தால் மடிநோய். வைக்கோலைக் கறந்து முடித்த பிறகு போடுங்கள். முன்பே போட்டால் தூசு பறந்து பாலில் விழும். அதிலிருக்கும் சில வித்துகள் கொதிநீரிலும் சாகாதவை. கறந்தபின் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு சாணத்தில் படுக்காமல் வைக்கோல் அதை நிற்க வைக்கும்.

சோடா உப்பு வேண்டவே வேண்டாம். அது புளிப்பை மறைக்கும், பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. புளிப்பு குறைந்ததால் அவை இன்னும் சௌகரியமாகப் பெருகும். ரோசாலிக் அமிலம் சில சொட்டு விட்டால் சோடா போட்ட பால் ரோஜா நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும். சட்டப்படி அது கலப்படம்.

மகன் சொல்லும் ஃப்ரிட்ஜும் இந்த வேலைக்கு உதவாது. உள்ளே இருப்பது குளிர்ந்த காற்று. பன்னிரண்டு லிட்டர் சூட்டை அது இழுத்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும், நடுப்பால் வெதுவெதுப்பாகவே இருக்கும். தண்ணீர் அதைவிட வெகு வேகமாகச் சூட்டை இழுக்கும். கிணற்று நீர்த் தொட்டியில் கேனை இறக்கி, வெளித்தண்ணீர் உள்ளே இருக்கும் பால் மட்டத்துக்கு மேல் நிற்கும்படி வைத்து, சுத்தமான கரண்டியால் அவ்வப்போது கலக்கிவிடுங்கள். அதைவிடச் செலவில்லாத வழி, கறக்கும் நேரத்தை நான்கு மணிக்குத் தள்ளுவது. காலையிலும் அதே அளவு தள்ளினால் இடைவெளி மாறாது. ஐஸ் கட்டியைப் பாலில் போட்டுவிடாதீர்கள்.

கொழுப்பு நன்றாக வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். கொழுப்புப் பார்க்கும் கருவிக்கு பாக்டீரியா தெரியாது. அதைப் பார்க்க மெத்திலீன் ப்ளூ சோதனை இருக்கிறது. 10 மில்லி பாலில் 1 மில்லி நீலச் சாயம் விட்டு 37 டிகிரியில் வைப்பார்கள். பாக்டீரியா பெருகப் பெருக நீலம் வெளுக்கும். 5 மணி நேரம் தாங்கினால் மிக நல்ல பால். அரை மணிக்குள் வெளுத்தால் மட்டம். நம் சங்கங்களில் பணம் கொழுப்புக்கும் கொழுப்பல்லாத திடப்பொருளுக்கும்தான் கிடைக்கிறது. சுத்தத்துக்கென்று லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுத்துப் பார்க்கட்டும், கேன் கழுவ யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

பேரனுக்குப் பச்சைப் பால் கூடாது. கறந்த சூட்டில் குடித்தால் நல்லது என்ற நம்பிக்கை மால்டா தீவிலும் இருந்தது. ஆட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுப்பார்கள். அங்கே விட்டு விட்டு வந்த ஒரு காய்ச்சலுக்கான கிருமியை டேவிட் புரூஸ் 1887-இல் கண்டுபிடித்தார். அது பார்வைக்கு ஆரோக்கியமான ஆடுகளில் இருப்பதை 1905-இல் கண்டறிந்தவர் தெமிஸ்டோக்ளிஸ் சம்மித். அடுத்த ஆண்டு படைவீரர்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் அவர்களிடையே காய்ச்சல் சரிந்தது. அந்தப் புருசெல்லா வகைக் கிருமி நம் மாடுகளிலும் உண்டு. கொதிக்கவைத்தால் செத்துவிடும். ஆனால் காய்ச்சுவோமே என்று அழுக்குப் பாலை விடவும் கூடாது. மடிநோய்க்குக் காரணமான ஸ்டெஃபைலோகாக்கஸ் பாலில் பெருகி நஞ்சை விட்டுவிட்டால், அந்த நஞ்சு கொதித்தாலும் போகாது.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். ஒரு கொதி வந்ததும் இறக்கி ஆற்றி, அதே இளஞ்சூட்டில் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் மாடுகளில் எதற்காவது நிறைமாதத்துக்கு முன்பே கன்று விழுந்திருந்தால் ரத்தம் எடுத்துச் சோதிக்கும்படி கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள். கிடேரிக் கன்றுகள் இருந்தால் 4 முதல் 8 மாதத்துக்குள் புருசெல்லா தடுப்பூசி போட்டுவிட வேண்டும். காளைக் கன்றுகளுக்கு அது கிடையாது.