பலாக் கட்டையும் சி.என்.சி.யும்

கேள்வி: கோவையில் மரக்கதவுச் சிற்பங்கள் செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று அச்சு சி.என்.சி. ரவுட்டர் ஒன்று இருக்கிறது. மகள் வீணை படிக்கிறாள். அவள் வீணையைப் பழுதுபார்க்கத் தஞ்சாவூர் போனபோது, ஒரு குடத்தைக் கையால் குடைய எத்தனை உழைப்பு தேவைப்படுகிறது என்று நேரில் பார்த்தேன். நல்ல பழைய வீணை ஒன்றை ஸ்கேன் செய்து அப்படியே வெட்டினால் அதே நாதம் வருமா ஐயா? எந்தெந்தப் பாகங்களை இயந்திரத்திடம் விடலாம்?
– வாசகர், கோவை

பதில்: வடிவம் வரும். நாதம் தானாக வராது.

நீங்கள் கேட்பதை வயலினில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1704-இல் ஸ்ட்ராடிவாரி செய்த ‘பெட்ஸ்’ வயலினை மருத்துவமனை சி.டி. ஸ்கேனரில் வைத்துப் படமெடுத்து, அந்த அளவுகளை சி.என்.சி.க்குக் கொடுத்துப் பலகைகளை வெட்டினார்கள். 2011-இல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் மாநாட்டில் அந்த நகலைக் காட்டினார்கள். வெட்டிய பலகைகளைச் சேர்த்து வார்னிஷ் பூசி வயலினாக்கியது கைவினைஞர்கள்தான். ஸ்கேன் தருவது பழைய கருவியின் அளவை. உங்கள் மேசையில் இருப்பதோ வேறொரு மரம். ஒரே பலாவில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே கனம், ஒரே விறைப்பு இருப்பதில்லை. அதனால்தான் ஆசாரி மேல்பலகையைத் தட்டிப் பார்த்து, கொஞ்சம் இழைத்து, மறுபடி தட்டிப் பார்க்கிறார். மேல்பலகையை அரை மில்லிமீட்டர் கூடுதலாகவே வெட்டி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அந்த அரை மில்லிமீட்டரில்தான் வீணை இருக்கிறது.

அடுத்தது குடம். உங்கள் ரவுட்டரின் இசட் அச்சு எவ்வளவு ஏறி இறங்கும் என்று எழுதவில்லை. கதவு வேலைக்கு வாங்கும் இயந்திரங்களில் அது பெரும்பாலும் குறைவு. குடத்தின் அடிவரை எட்ட நீளமான பிட் போட வேண்டும். நீளம் கூடினால் பிட் அதிரும், உள்சுவரில் வரி விழும். எட்டுகிற ஆழம்வரை இயந்திரத்தில் வெட்டி, மிச்சத்தை உளிக்கு விடுவதே நல்லது. தண்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. மேலிருந்து நேராகக் குடைகிற வேலை, உங்கள் ரவுட்டருக்குப் பொருத்தமானது.

எதுவானாலும் ஒரே மூச்சில் முடித்துவிடாதீர்கள். இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். முதல் குடத்தை ஒரே நாளில் இறுதி அளவுக்குக் குடைந்து பெருமையாக அலமாரியில் வைத்தேன். இரண்டு வாரத்தில் அதன் வாய் கோணிவிட்டது. மேல்பலகை எந்தப் பக்கம் திருப்பினாலும் உட்காரவில்லை. உள்ளே இருக்கும் மரத்தை எடுத்ததும் மிச்ச மரம் தன் இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்ளும், உள் ஈரமும் வெளியேறும். இப்போதெல்லாம் சுவரில் ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, நிழலில் சில வாரம் கிடத்தி, பிறகுதான் இறுதி அளவுக்கு வெட்டுகிறேன்.

இயந்திரம் மிக நன்றாகச் செய்வது பூவேலை. ஒரு காலத்தில் தந்தத்திலும் இன்று பிளாஸ்டிக்கிலும் பதிக்கிறார்களே, அந்தப் பள்ளமும் அதில் உட்காரும் துண்டும் ஒரே வரைபடத்திலிருந்து வந்தால் இடைவெளியே தெரியாது. யாளி முகத்தை முரட்டு உருவமாக வெட்டலாம். திறந்த வாய்க்குள் மேலிருந்து இறங்கும் பிட் நுழையாது. கண்ணும் பல்லும் உளியில் பிறக்கட்டும்.

மெட்டுகளை மட்டும் தொடாதீர்கள். இருபத்துநான்கு மெட்டுக்கும் கணக்குப் போட்டுப் பள்ளம் வெட்டலாமே என்று தோன்றும். வீணையில் தந்தி மெட்டுக்கு மேலே உயரமாக நிற்கிறது. அழுத்தும்போது அது இழுபட்டு, சுருதி கணக்கைத் தாண்டி ஏறும். மெழுகில் மெட்டை நகர்த்தி, காதால் கேட்டு மேளம் கட்டுவதற்குக் காரணம் அதுதான். குதிரையின் மேல்தகட்டு வளைவும் அப்படியே: அரத்தால் ஒரு தேய்ப்பு, ஒரு மீட்டல், மறுபடி தேய்ப்பு.

இன்னொன்று. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கோவையில் செய்ததை அந்தப் பெயரில் விற்காதீர்கள். குடையும் வேலையில் அங்குள்ள ஆசாரிகளுக்குத் துணையாக நின்றால் அவர்கள் தோள்வலி குறையும். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுவே என்று நினைக்கிறேன்.

கேள்வி: கிதார் விரற்பலகையில் சி.என்.சி.யால் மெட்டுப் பள்ளம் வெட்டலாமா? எப்படிக் கணக்கிடுவது?
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாக. கிதாரில் தந்தி தாழ்வாக ஓடுவதால் கணக்கு பெரிதும் பொருந்தும். மிச்சப் பிசகைப் பாலத்தில் தந்தியின் நீளத்தைச் சற்றுக் கூட்டிச் சரிசெய்வார்கள். தந்தி நீளம் 650 மில்லிமீட்டர் என்றால் அதை 17.817-ஆல் வகுங்கள், முதல் மெட்டு 36.48-இல் வரும். மீதி நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. வெட்டும்போது ஒவ்வொரு அளவையும் தலைப்பக்கத்து நட்டிலிருந்தே எடுங்கள். முந்தைய மெட்டிலிருந்து அளந்தால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். 0.6 மில்லிமீட்டர் பிட் எளிதில் முறியும். ஒரு ஓட்டத்துக்குக் கால் மில்லிமீட்டருக்கு மேல் இறக்க வேண்டாம். முதலில் எம்.டி.எஃப். துண்டில் வெட்டி, பன்னிரண்டாவது பள்ளம் சரியாக 325-இல் விழுகிறதா என்று அளந்து பாருங்கள். பிறகு ஈட்டிப் பலகையை மேசையில் ஏற்றலாம்.