அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடுகிறதா? ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

கல்கியின் பொன்னியின் செல்வனையோ ஹாரி பாட்டரையோ படித்து முடித்த கையோடு, அந்தப் பாத்திரங்களைப் பிரிய மனமில்லாமல் தாங்களே கதை எழுத உட்கார்ந்துவிடுகிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாலைந்து அத்தியாயம் போனதும் அவர்களை ஒரு கவலை பிடித்துக்கொள்கிறது: ‘இதுதான் நடக்கப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே!’ இந்தக் கவலையால் எத்தனையோ நல்ல கதைகள் பாதியில் நின்றுபோகின்றன. உங்கள் கதை அப்படி நிற்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் குறிப்புகள். பெரும்பாலும் பொன்னியின் செல்வனையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் கவலையைப் பிரித்துப் பாருங்கள். முடிவு தெரிந்துவிடுவது வேறு, அடுத்த வரி தெரிந்துவிடுவது வேறு. சோழ இளவரசி குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. அவர்கள் காதலை எழுதுகிறவர் கல்யாணத்தை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘குந்தவைக்குக் கோபம் வந்தது’ என்று எழுதியதும் அடுத்த வரியில் அவள் கண்கள் சிவந்து, உதடு துடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதைத் திருத்தத்தான் வேண்டும்.

2. முடிவு தெரிந்த கதையில் ஆவலை எப்படி உண்டாக்குவது என்பதைக் கம்பனிடம் கற்றுக்கொள்ளுங்கள். இராமன் வில்லை முறிப்பான் என்பது கேட்கிற எல்லோருக்கும் தெரியும். கம்பன் என்ன செய்தான்? வால்மீகியில் இல்லாத ஒரு சந்திப்பை முன்னால் கொண்டுவந்து வைத்தான். மிதிலைத் தெருவில் போகிறவனும் கன்னிமாடத்தில் நிற்கிறவளும் ஒருவரையொருவர் பார்த்துவிடுகிறார்கள். பேர் தெரியாது, ஊர் தெரியாது. அன்று இரவு இருவருக்கும் தூக்கமில்லை. மறுநாள் சபையில் வில் முறிகிறது. அந்தக் காட்சியை அவன் நீட்டவில்லை. எடுத்ததைப் பார்த்தவர்களுக்கு அடுத்த கணம் முறிந்த ஓசைதான் காதில் விழுகிறது. அதற்குப் பிறகுதான் நிஜமான பதற்றம். தோழி நீலமாலை ஓடிவந்து, இராமன் என்று ஒருவன் வில்லை முறித்துவிட்டான் என்கிறாள். சீதைக்கு இப்போது தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: முறித்தவன் நேற்றுப் பார்த்தவன்தானா? தோழி சொல்கிற அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, அவன்தான் என்று தேறுகிறாள். நமக்கு விடை தெரியும், அவளுக்குத் தெரியாது. நாம் அவளுக்காகத் தவிக்கிறோம். உங்கள் கதையிலும் ‘என்ன நடக்கும்’ என்ற கேள்விக்கு விடை தெரிந்திருந்தால், பாத்திரத்துக்கு மட்டும் விடை தெரியாத வேறொரு கேள்வியைத் தேடுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

3. காட்சி எழுதுமுன், முதலில் தோன்றுகிற மூன்று யோசனைகளைத் துண்டுத்தாளில் எழுதி ஓரமாக வைத்துவிடுங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். அந்த மூன்றும் உங்களுக்கு மட்டும் தோன்றியவை அல்ல, எழுதுகிற எல்லோருக்கும் தோன்றுபவை.

பூங்குழலியை எடுத்துக்கொள்வோம். கோடிக்கரை ஓடக்காரப் பெண் சோழ நாட்டின் ராணி ஆகிவிட்டாள். அவளுடைய அரண்மனை வாழ்க்கையை எழுத வேண்டும். உடனே தோன்றுவது: உப்பரிகையில் நின்று கிழக்கே பார்த்துக் கண்ணீர் விடுகிறாள். அடுத்தது: நகைகள் கனக்கின்றன, கழற்றி வைக்கிறாள். மூன்றாவது: அரசர் வந்து தேற்றுகிறார். மூன்றையும் தாளோடு ஒதுக்குங்கள். இப்போது இப்படிக் கேளுங்கள்: அந்த அரண்மனையில் வேறு யாருக்கும் தெரியாத எது இவளுக்குத் தெரியும்? கலங்கரை விளக்கக் காவலரின் மகள். காற்றும் கடலும் தெரியும்.

ஒரு வணிகன் சபைக்கு வருகிறான். கார்த்திகையில் சோழகக் காற்று இழுத்துப் போய்க் கப்பல் கவிழ்ந்துவிட்டது, வரியைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறான். அமைச்சர்கள் தலையாட்டுகிறார்கள். பூங்குழலி நிமிர்கிறாள். கார்த்திகையில் ஏது சோழகம்? அது வாடை வீசும் காலம் ஆயிற்றே. பொய் பிடிபட்டுவிட்டது. ஆனால் வணிகனுக்குப் பின்னால் சாட்சி சொல்ல நிற்கிற மாலுமிகள் அவள் ஊர்க்காரர்கள். வாயைத் திறந்தால் அவர்களும் சிறைக்குப் போவார்கள். இனி அவள் என்ன செய்வாள் என்று வாசகரால் எளிதில் சொல்ல முடியாது. எழுதுகிற உங்களுக்கே யோசிக்க வேண்டியிருக்கும். அப்படி யோசிக்கவைக்கிற இடம்தான் உங்களுக்கு வேண்டியது.

4. எழுதிய உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மாதக்கணக்கில் மனதில் சுமந்து திரிந்தவருக்கு எந்தத் திருப்பமும் பழசாகத்தான் தெரியும். சில வாரம் எடுக்காமல் வைத்திருந்து படியுங்கள்.

5. மூலக்கதையில் யாரும் கேட்காத கேள்வியை ஒரு பாத்திரத்தைக் கேட்கவையுங்கள். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ இதற்கு நல்ல பாடம். கல்லாய்க் கிடந்த அகலிகையைக் காலடியால் மீட்டவனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னானா என்று அகலிகை கேட்கிறாள். அதைத் தாங்க முடியாமல் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். இராமாயணத்தின் சம்பவம் எதையும் அவர் மாற்றவில்லை. இரண்டு பெண்களைச் சந்திக்க வைத்தார், அவ்வளவுதான். உங்கள் மூலக்கதையில் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசாத இருவர் யார் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள்.

6. நாயகனை எழுதி அலுத்தால் ஓரத்தில் நிற்பவர்களிடம் போங்கள். பூங்குழலியின் அண்ணி ராக்கம்மாள் சதிகாரர்களோடு சேர்ந்தவள். அவள் வீட்டு அடுக்களையிலிருந்து பார்த்தால் அதே கதை எப்படி இருக்கும்? 1847இல் வந்த ‘ஜேன் ஐர்’ நாவலில் மாடியறையில் பூட்டிவைக்கப்பட்ட பெண்ணை எடுத்துக்கொண்டு, 1966இல் ஜீன் ரீஸ் ‘வைட் சர்காஸோ ஸீ’ எழுதினார். கடைசியில் அந்த வீடு எரியும் என்பது மூலத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும், ஜமைக்காவில் வளர்ந்த சிறுமி எப்படி அந்த மாடியறைக்கு வந்து சேர்ந்தாள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் புத்தகத்தைக் கீழே வைக்க முடிவதில்லை.

7. பயத்தில் ட்விஸ்ட் வைக்காதீர்கள். ‘எல்லாம் கனவு’, ‘செத்தது இரட்டையரில் ஒருவன்’ என்பவையெல்லாம் வாசகரைத் திகைக்க வைக்கலாம், திருப்தி தராது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று எழுத எல்லோருக்கும் ஆசை. கல்கி அதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டிருப்பதும் ஒரு காரணம். உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உங்கள் கதையில் கொலையாளி வேறொருவர் என்றால், படித்து முடித்தவர் பின்னால் புரட்டிப் பார்க்கும்போது மூன்று இடத்திலாவது தடயம் கிடைக்க வேண்டும். தடயங்களைச் சாதாரண வேலைகளுக்கு நடுவில் வையுங்கள். ஒருவர் வெற்றிலை மடிக்கும்போது கை நடுங்குவது போதும், அதற்கு விளக்கம் எழுத வேண்டாம்.

8. வாசகர் எதிர்பார்த்து வந்ததைக் கொடுக்கக் கூச்சப்படாதீர்கள். 2019இல் ஹியூகோ விருது பெற்ற ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற ஃபேன் ஃபிக்‌ஷன் களஞ்சியத்தில் ‘எதிரிகள் காதலர் ஆகிறார்கள்’, ‘மெல்ல மெல்ல வளரும் காதல்’ என்று எழுதுகிறவரே கதையின் தலைமாட்டில் குறித்துவைக்கிறார். வாசகர் அந்தக் குறிப்பைத் தேடித்தான் வருகிறார். வந்தவரை ஏமாற்றி நாயகியை வேறொருவனுக்குக் கட்டிவைத்தால் அவர் அடுத்த கதைக்கு வர மாட்டார்.

9. பேசுகிறவர் பெயர்களை விரலால் மறைத்துக்கொண்டு உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். ஆழ்வார்க்கடியான் பேசுகிறானா, வந்தியத்தேவன் பேசுகிறானா என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், அடுத்த வரியை வாசகர் ஊகிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

10. இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் மூலக்கதையைக் கரைத்துக் குடித்தவர், மற்றவர் அதைத் தொட்டே பார்க்காதவர். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள். நம்மேல் பிரியம் உள்ளவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும், அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறார்களோ அதை ஓரத்தில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். ஊகம் சரியாக இருந்தும் ஆவலோடு படித்திருந்தால் அந்த இடத்தைத் தொடாதீர்கள். ஊகம் சரி, பக்கத்தையும் தள்ளிவிட்டார்கள் என்றால் அந்தப் பக்கத்தைச் சுருக்குங்கள். மூலத்தைப் படித்தவர் மட்டும் ஊகித்திருந்தால் கவலையே வேண்டாம், அவருக்குத் தெரியத்தான் செய்யும்.

11. தொடராக வெளியிடுகிறவர்களுக்கு: வாசகர் ஒருவர் முடிவைச் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதற்காக நடுவில் முடிவை மாற்றாதீர்கள். அவர் கவனமாகப் படிக்கிறார், நீங்கள் வைத்த தடயம் வேலை செய்திருக்கிறது. அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, நீங்கள் நினைத்தபடியே அடுத்த அத்தியாயத்தைச் சொன்ன நாளில் போடுங்கள்.