மழைமானிப் புள்ளிகளை மறைக்காதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வந்த மழைப் படமும் கிடைத்தன. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, பழைய ஆபீஸ் கட்டடங்கள் பலவும் இல்லாமல் போய்விட்ட காலம் இது. இந்த நேரத்தில் போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களின் மழைப் புத்தகங்களைத் தேடிப் பிடித்து, உங்கள் அப்பா தோட்டத்துக் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது தம் கையால் எழுதிய பக்கங்களையும் சேர்த்து, எண் எண்ணாகத் தட்டச்சு செய்து பைத்தானில் ஏற்றியிருக்கிறீர்கள். "படம் சரியாக வந்திருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சுவா பெத்தோங், லின்சம், சுங்காலா என்று அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த வேறு பிள்ளைகளும் இதே வேலையில் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் பதிலை இங்கே பொதுவில் எழுதுகிறேன்.

படம் மிக அழகாக இருக்கிறது. என் கவலையே அதுதான். கடற்கரையிலிருந்து சிரம்பான் வரைக்கும் ஒரு வெற்றிடம்கூட இல்லாமல் நிறம் பரவியிருக்கிறது. கோடுகள் வளைந்து வளைந்து மலாக்கா நீரிணைக்குள்ளும் போகின்றன. உங்களிடம் இருப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய மழைமானிகள். கடலில் ஒன்றுகூட இல்லை. அளந்தவர்களுக்கே தெரியாததைப் படம் தெரிந்ததுபோலச் சொல்கிறது.

சமமழைக் கோடு எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். நெகிரி செம்பிலானின் மேட்டுத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய விஷயம். ரப்பர் வந்த ஆரம்ப காலத்தில் சரிவுகளைப் புல் பூண்டு இல்லாமல் வழித்து வைத்தார்கள், மேல்மண் மழையோடு போயிற்று. பிறகுதான் சரிவைச் சுற்றி ஒரே மட்டத்தில் முளையடித்து, முளைக்கு முளை மண் வெட்டி, படிப்படியாக வரிசை அமைத்து மரம் நட்டார்கள். மண் வெட்டியவர்களில் நம் தமிழர்களும் பலர். அந்த வரிசையில் நடந்தால் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். கால் பதிகிற ஒவ்வொரு இடமும் ஒரே உயரம். அது சம உயரக் கோடு. உயரத்தின் இடத்தில் மழையை வைத்தால் சமமழைக் கோடு.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மலைச்சரிவில் முளையடித்தவர் ஒவ்வொரு அடியிலும் மட்டம் பார்த்தார். மழைக் கோட்டில் அளவு இருப்பது மழைமானி நிற்கிற இடத்தில் மட்டும். இடையில் உள்ளதெல்லாம் கணக்கு. பைத்தானில் படம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் தொகுப்பில் இருக்கும் 'ட்ரைகான்டூர்' கட்டளை மழைமானிகளை மும்மூன்றாக இணைத்து முக்கோணங்கள் போடுகிறது. ஒரு முனையில் 60 மில்லிமீட்டர், அடுத்த முனையில் 100 என்றால், 80-க்கான கோடு அந்தப் பக்கத்தின் சரிபாதியைக் கடக்கும். அவ்வளவுதான் ரகசியம். இடையில் ஒரு குன்று இருக்கிறதா, மழை அதன் ஒரு பக்கத்தில் மட்டும் கொட்டுகிறதா என்பதெல்லாம் கட்டளைக்குத் தெரியாது.

நீங்கள் பயன்படுத்தியது 'ட்ரைகான்டூர்' இல்லை. சைப்பை தொகுப்பின் 'கிரிட்டேட்டா' கொண்டு புள்ளிகளைக் கட்டங்களாக நிரப்பி, அதிலும் 'கியூபிக்' முறையைத் தேர்ந்தெடுத்து, பிறகு நிறம் பூசும் 'கான்டூர்எஃப்' போட்டிருக்கிறீர்கள். கியூபிக் வளைவை வழவழப்பாக்கும். அந்த வழவழப்புக்காக அளந்த எண்களுக்கு மேலேயும் கீழேயும் தாண்டிப் போகும். உங்கள் படத்தில் ஒரு மூலையில் கருநீலக் குழி ஒன்று தெரிகிறதே, அந்த இடத்துக் கட்ட எண்ணை அச்சிட்டுப் பாருங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும் என்றே நினைக்கிறேன். பூஜ்யத்துக்குக் கீழே மழை கிடையாது. 'லீனியர்' என்று மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை. லீனியரானாலும் கியூபிக்கானாலும் முக்கோணங்களுக்கு வெளியே 'கிரிட்டேட்டா' தானாக வெள்ளையாகவே விடும்; கடலுக்குள் நிறம் போயிருப்பதால் அதை வேறு வழியில் நிரப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வெள்ளையை நிரப்ப வேண்டாம்.

எட்மண்ட் ஹாலி 1701-இல் அட்லாண்டிக் கடலுக்கு ஒரு வரைபடம் வெளியிட்டார். திசைகாட்டி முள் எங்கெங்கே ஒரே அளவு விலகுகிறதோ அந்த இடங்களைக் கோடுகளால் இணைத்த படம், இந்த வகையில் அச்சான முன்னோடிகளில் ஒன்று. அவர் தம்முடைய 'பாரமோர்' கப்பல் போன பாதையையும் அதே படத்தில் வரைந்தார். கோடு எங்கே அளவைத் தொட்டு நிற்கிறது, எங்கே ஊகத்தில் ஓடுகிறது என்று பார்ப்பவர் தாமே தீர்மானிக்கலாம். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த நேர்மை நம் படத்திலும் வேண்டும். நிறம் பூசிய பிறகு 'ஸ்கேட்டர்' கட்டளையால் மழைமானி ஒவ்வொன்றையும் கறுப்புப் புள்ளியாக வையுங்கள், பக்கத்தில் தோட்டத்தின் பெயரை எழுதுங்கள். சில வரி நிரல்தான். மற்ற எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

இன்னொன்று. ஒரு தோட்டத்துக்கு 1950-களின் சராசரியும் பக்கத்துத் தோட்டத்துக்கு 1980-களின் சராசரியும் எடுத்து ஒரே படத்தில் வைத்திருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் காலத்தின் வித்தியாசம் இடத்தின் வித்தியாசமாக வேஷம் போட்டுக்கொள்ளும். எல்லா மழைமானிகளுக்கும் பொதுவான ஆண்டுகளை மட்டும் எடுங்கள். ஆண்டுகள் குறைந்தாலும் பரவாயில்லை.

இப்போது நிறம். நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது 'ஜெட்' என்ற வானவில் வரிசை: நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. நெடுங்காலம் மேட்பிளாட்லிப் தானாகவே கொடுத்த வரிசை அதுதான். அதில் மஞ்சள் வருகிற இடம் கண்ணில் பளிச்சென்று அடிக்கும். எண்ணில் எந்தப் பாய்ச்சலும் இல்லாத இடத்தில் ஒரு விளிம்பு இருப்பதுபோல் தெரியும். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் இன்னும் மோசம். ஒரு முனையின் கருநீலமும் மறுமுனையின் கருஞ்சிவப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பல் ஆகிவிடும், வறண்ட இடமும் வெள்ளக்காடும் ஒன்றாகத் தெரியும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு அந்தப் படத்தைப் படிப்பது சிரமம். டேவிட் போர்லண்ட், ரஸ்ஸல் டெய்லர் இருவரும் 2007-இலேயே வானவில்லை விட்டுவிடுங்கள் என்று கட்டுரை எழுதினார்கள். மேட்பிளாட்லிப் 2017 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பில்தான் அதைக் கைவிட்டு 'விரிடிஸ்' வரிசைக்கு மாறியது. விரிடிஸில் எண் கூடக் கூட வெளிச்சம் சீராகக் கூடும். மழைக்கு வெளிர்நிறத்திலிருந்து கருநீலம் வரைக்கும் போகும் வரிசையும் நன்றாக இருக்கும். சராசரியைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று காட்டும்போது மட்டும் இருபக்க நிறம் எடுங்கள், பூஜ்யம் நடுவில் வெள்ளையாக நிற்கட்டும்.

நிற அளவின் இரு முனைகளையும் நீங்களே தீர்மானியுங்கள். நிரலிடம் விட்டால் மிகப் பெரிய எண்ணைப் பார்த்து அளவை நீட்டிவிடும். 2013 ஜூன் 23 நினைவிருக்கும். புகைமூட்டத்தில் மூவாரின் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது, மூவாரிலும் லெடாங்கிலும் அவசரநிலை அறிவித்தார்கள். அந்த நாளின் எண்களை முனை கட்டாமல் வரைந்தால் மூவார் மட்டும் பற்றி எரியும். 150-இல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஊரும் 60-இல் இருந்த ஊரும் கிட்டத்தட்ட ஒரே நிறமாகிவிடும். காற்றுக் குறியீட்டுக்கு 50, 100, 200, 300 என்ற படிகளுக்கே அர்த்தம் உண்டு. அங்கே நிறத்தையும் படிப்படியாக உடைப்பதுதான் சரி. மழைக்கு அப்படிப் பிறவிப் படிகள் இல்லை.

சமமழைக் கோட்டுப் படத்தைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், உங்கள் புத்தகங்களின் உண்மையான செல்வம் அந்த வரைபடத்தில் இல்லை என்பதே என் எண்ணம். சில மழைமானிகள் கொண்டு நிலத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல முடியும். பல பத்தாண்டு நாட்குறிப்பு கொண்டு காலத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். அதற்கு நிறச்செறிவுப் படம் போடுங்கள். குறுக்கே பன்னிரண்டு மாதங்கள், நெடுக்கே ஆண்டுகள், ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மாத மழை. 'பிகலர்மெஷ்' கட்டளை போதும். இங்கே ஊகித்து நிரப்ப ஒன்றுமே இல்லை, ஒவ்வொரு கட்டமும் ஒருவர் அளந்து எழுதிய எண்களின் கூட்டல். 'இம்ஷோ' பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள்: அது முதல் வரிசையை மேலே வைக்கும். ஆண்டுகளுக்கு அது பொருந்தும். அட்சரேகை ஏறுவரிசையில் இருக்கும் வரைபடத்தை அப்படியே கொடுத்தால் லுக்குட் தெற்கேயும் தஞ்சோங் துவான் வடக்கேயும் போய்விடும். 'ஒரிஜின்' என்பதை 'லோவர்' என்று மாற்ற வேண்டும்.

அந்த மாத–ஆண்டுப் படம் வந்தவுடன் புத்தகத்தின் குறைகளும் கண்ணில் படும். பழைய பக்கங்கள் அங்குலத்தில் இருக்கும், பிற்காலப் பக்கங்கள் மில்லிமீட்டரில் இருக்கும். 4.2 என்று ஒருவர் எழுதியதும் 107 என்று அடுத்தவர் எழுதியதும் ஒரே மழைதான், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். மாற்ற மறந்தால் ஒரு வருஷத்துக்கு முன்னால் எல்லாம் பாலைவனமாகவும் பின்னால் எல்லாம் வெள்ளமாகவும் தெரியும். வெற்று இடங்கள் இதைவிட ஆபத்தானவை. மழை இல்லை என்று கோடு போட்ட நாள் வேறு, கிராணி லீவில் போனதால் எழுதாமல் விட்ட நாள் வேறு. இரண்டையும் பூஜ்யமாக ஏற்றினால் இல்லாத வறட்சி உண்டாகிவிடும். எழுதாத நாளுக்கு நம்பை தொகுப்பின் 'நேன்' (எண் இல்லை) குறியைப் போட்டு, படத்தில் அதற்குத் தனியாகச் சாம்பல் நிறம் கொடுங்கள். கோடா, வெறுமையா என்று சந்தேகம் வந்தால் அப்பாவிடம் கேளுங்கள். அந்தக் கையெழுத்தின் பழக்கம் அவருக்குத்தான் தெரியும்.

இந்தப் படத்தில் நான் ஆவலோடு பார்க்க விரும்புவது ஒன்று உண்டு. மலேசியத் தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம்: ஏப்ரல் ஒட்டி ஒன்று, அக்டோபர் நவம்பரில் ஒன்று. தென்மேற்குக் கடலோரத்தில் மட்டும் அந்த இரட்டை மேடு மங்கிவிடும் என்கிறது மலேசிய வானிலைத் துறை. மே முதல் ஆகஸ்டு வரை விடியற்காலையில் நீரிணையைத் தாண்டி வரும் 'சுமத்ரா' காற்றுமழையே காரணம். இருட்டோடு திடீரென்று காற்று எழும்பும், மழை ஒரு மணி, இரண்டு மணி நேரம் அடிக்கும், பிறகு ஓய்ந்துவிடும். கடலோரத் தோட்டம் ஒன்றுக்கும் சிரம்பான் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கும் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஒரே நிற அளவோடு. ஜூன், ஜூலைக் கட்டங்கள் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா, உள்ளே போகப் போக வெளிறுகின்றனவா? உங்கள் எண்களால் பதில் சொல்ல முடிகிற கேள்வி இது.

விடியற்காலை மழை என்றால் பால் வெட்டுக்காரர்களுக்கு என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டை விட்டு வழிந்து மரத்தில் ஓடிவிடும், மங்குக்கு, அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்துக்கு, வந்ததும் மழைத்தண்ணீரோடு போய்விடும். பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். நாள்கூலிக்காரருக்கு அன்றைய வருமானம் போயிற்று. பிற்பகலில் அதே அளவு மழை பெய்திருந்தால் அந்த நஷ்டம் இல்லை. ஆகவே மழையின் அளவைவிட மழையின் நேரம்தான் அவர்கள் வாழ்க்கையைத் தீர்மானித்தது.

அந்த நேரம் மழைப் புத்தகத்தில் இல்லை, தம்பி. மழைமானியைப் பார்ப்பது காலையில் ஒரு முறை. நேற்றுப் பிற்பகல் இடிமழையும் இன்று விடியற்காலைச் சுமத்ராவும் ஒரே போத்தலில் கலந்து ஒரே எண்ணாக எழுதப்பட்டிருக்கும். மணிவாரியாகப் படம் போட உங்கள் கையில் உள்ள எண்களை வைத்து முயலாதீர்கள், எந்தக் கட்டளையாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நீர்ப்பாசன வடிகால் துறையின் தானியங்கி மழைமானிகள் தரும் இக்காலத்து எண்கள். குறுக்கே 24 மணி நேரம், நெடுக்கே 12 மாதம் என்று அவற்றை வரைந்தால் விடியற்காலை மழை எந்த மாதங்களில் தலைகாட்டுகிறது என்று தெரியும். மற்றது, தோட்டத்தின் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு. எந்தெந்த நாளில் வெட்டு நடக்கவில்லை என்பது அதில் பதிவாகியிருக்கும். மழைப் புத்தகத்தின் தேதியையும் செக்ரோல் தேதியையும் பாண்டாஸ் தொகுப்பில் இணைத்தால், மழை எழுதியும் வேலை நடந்த நாள், மழையால் வேலை நின்ற நாள் என்று பிரிக்கலாம். மழைமானி சொல்லாத நேரத்தை ஆட்களின் வருகைப் பதிவு ஓரளவு சொல்லிவிடும். இணைக்கும்போது எச்சரிக்கை: காலையில் படித்த அளவை அன்றைய தேதியில் எழுதினார்களா, முந்தைய நாளின் தேதியில் எழுதினார்களா என்று தோட்டத்துக்குத் தோட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தள்ளிப்போனால் எல்லாம் பொய்யாகிவிடும்.

நீங்கள் பயன்படுத்தும் மேட்பிளாட்லிப்பை எழுதியவர் ஜான் ஹன்டர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் படமாகப் பார்க்க வேண்டியிருந்ததால் அதைத் தொடங்கிய நரம்பியல் ஆராய்ச்சியாளர். 2003-இல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார், 2012-இல் இளவயதிலேயே இறந்துபோனார். அவர் திறந்து வைத்ததால்தான் காசு செலவில்லாமல் போர்டிக்சனில் உட்கார்ந்து நீங்கள் இதைச் செய்ய முடிகிறது. உங்கள் எண்களையும் அப்படியே திறந்து வையுங்கள். படம் மட்டும் போதாது, தட்டச்சு செய்த அட்டவணையும் வேண்டும், புத்தகப் பக்கங்களின் ஒளிப்படமும் வேண்டும்.

செக்ரோல் இன்னும் எந்தத் தோட்டத்தில் மிச்சம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். மழைப் புத்தகத்துக்கு முன்பே அது எரிந்துபோயிருக்கலாம். அதற்குள் மாத–ஆண்டுப் படம் ஒன்றை, ஒரே தோட்டத்துக்கு, சாம்பல் கட்டங்களோடு போட்டு அனுப்புங்கள். சமமழைக் கோட்டுப் படத்தை அதற்கப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்