வீழ்ந்தும் வெல்லும் கலை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

முதுகு மண்ணில் பட்டால் தோல்வி என்பது மற்போர் விதி. ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் நடைபெறும் கபடியைப் பாருங்கள்! ஐந்து பேர் அமுக்கினாலும், பாடிச் சென்றவன் விரல் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் வெற்றி அவனுக்கே. விழுந்த பின்னும் போராடும் இந்நுட்பத்தைத் தனிக்கலையாகவே வளர்த்தது ஜியு-ஜிட்சு.

ஜப்பானியக் கலையான இதனை 1914-இல் பிரேசில் சென்ற மிட்சுயோ மயேடா அங்கே பரப்பினார். கிரேசி குடும்பத்தார் வளர்த்தனர். 1994 டிசம்பரில் அமெரிக்காவில் நடந்த கலப்புப் போர்ப் போட்டியில் ராய்ஸ் கிரேசி, தம்மைவிட முப்பது கிலோவுக்கு மேல் எடை மிகுந்த டேன் செவெர்னின் அடியில் நெடுநேரம் மல்லாந்து கிடந்தார். இறுதியில் கால்களாலேயே அவர் கழுத்தை முக்கோணமாகப் பூட்டி வென்றார்.

மேலிருப்பவனைத் தன் கால்களுக்கிடையே அடக்கிவைக்கும் இந்நிலைக்குக் ‘கார்டு’ என்று பெயர். கலப்புப் போரில் குத்தும் விழும் என்பதால், சும்மா கிடப்பது ஆபத்து. இதன் அறிவியலை மூன்றாகப் பிரித்துக் காண்கிறேன்.

1. தூரம்: குத்து வேகம் பெற இடைவெளி வேண்டும். எனவே எதிரியின் தலையை நெஞ்சோடு இழுத்து அணைக்க வேண்டும்; அல்லது இடுப்பில் பாதம் பதித்து எட்டத் தள்ள வேண்டும். இடைப்பட்ட தூரமே அடி வாங்கும் தூரம்.

2. ஈர்ப்பு மையம்: எதிரி ஊன்றிய கையையும் அதே பக்கத்துக் காலையும் தடுத்து, நம் இடுப்பை உயர்த்தினால், அவன் ஈர்ப்பு மையம் தாங்கு பரப்புக்கு வெளியே செல்கிறது, அவன் கவிழ்கிறான்.

3. நெம்புகோல்: கைப்பூட்டில் நம் இடுப்பே ஆதாரப்புள்ளி. எதிரியின் ஒரு முழங்கைக்கு எதிராக நம் முழு உடலும் வேலை செய்கிறது.

எனினும், நடுவர்கள் பெரும்பாலும் மேலிருப்பவனுக்கே புள்ளி தருவர். ஆகவே கவிழ்க்க வேண்டும், பூட்ட வேண்டும், இயலாவிடில் எழுந்துவிட வேண்டும். கழுத்துப் பூட்டு மூளைக்குச் செல்லும் இரத்தத்தைத் தடுத்துச் சில நொடிகளில் மயக்கம் தரும். ஆசான் இன்றிப் பழகலாகாது. எதிரி கை தட்டியதும் விட்டுவிட வேண்டும். கல்லும் கூட்டமும் உள்ள தெருச் சண்டைக்கு இம்முறை உதவாது.

காலை ஆயுதமாக்குவது நமக்குப் புதிதன்று. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியபோது, ஒரு கால் அவன் மார்பில் ஊன்ற, மற்றது முதுகுப்புறம் வளைந்ததைப் புறநானூற்றின் 80-ஆம் பாட்டில் சாத்தந்தையார் காட்டுகிறார்.

மெலிந்தவன் என்று ஒதுங்கி நிற்கும் மாணவத் தோழர்களே! வலிமை தசையில் மட்டும் இல்லை. கற்ற முறையிலும் உண்டு. விழுவது முடிவன்று; விழுந்தபின் என்ன செய்வது என்று அறியாமையே முடிவு.