இன்று இரவு என்ன சமையல்?



பள்ளி விட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி எது? "அம்மா, ராத்திரிக்கு என்ன?" என்பதுதானே! இந்த மாதம் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போகிறேன். நீங்களே செய்யக்கூடிய, தம்பி தங்கைகள் விரும்பிச் சாப்பிடக்கூடிய நான்கு இரவு உணவுகளைப் பார்ப்போம். அவற்றோடு வெப்பத்தைப் பற்றிய பாடமும் சேர்ந்தே வரும்.

எங்கள் திண்டுக்கல்லைச் சுற்றி நூற்பாலைகள் நிறைய உண்டு. மாலை ஷிப்டுக்குப் போகும் தாய்மார்கள் வீடு திரும்ப இரவு பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். அந்த வீடுகளில் அடுப்பைப் பற்ற வைப்பவர்கள் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள்தாம். ஆகையால் இந்தப் பாடம் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஆண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மலை மேல் வேகாத பருப்பு

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்கள் இருபது பேருடன் கொடைக்கானலில் இரண்டு நாள் தங்கினோம். இரவுச் சமையல் எங்கள் பொறுப்பு. பெரிய அண்டாவில் நீர் ஊற்றி, துவரம் பருப்பைப் போட்டு, அடுப்பை எரியவிட்டோம். சற்று நேரத்தில் நீர் தளதளவென்று கொதித்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று, பருப்பு வேகவில்லை. "தீயைக் கூட்டுங்கள்" என்றேன். கூட்டினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிற்று. நீர் வற்றியது, மேலும் ஊற்றினோம். பருப்பு மட்டும் மணி மணியாக அப்படியே இருந்தது. பையன்கள் குளிரிலும் பசியிலும் சுருண்டு கிடந்தார்கள்.

விடுதிக் காவலரின் மனைவி வந்து அண்டாவை எட்டிப் பார்த்தார். "மலையில தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும் சார். பருப்பு சீக்கிரம் வேகாது. குக்கர் கொண்டாரலையா?" என்று கேட்டார். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்ற நான் பேசாமல் நின்றேன். அவர் சொன்னது முழுக்க முழுக்க இயற்பியல்.

நீர் கொதிக்கத் தொடங்கியபின் அதன் வெப்பநிலை உயர்வதில்லை. கொதிநிலை எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் அது 100 டிகிரி செல்சியஸ். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் அது குறைகிறது. திண்டுக்கல் நகரில் சுமார் 99 டிகிரி. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் சுமார் 93 டிகிரிதான். தீயை எவ்வளவு கூட்டினாலும் எங்கள் அண்டா 93 டிகிரியைத் தாண்டியிருக்காது. கூட்டிய தீ முழுவதும் நீரை ஆவியாக்குவதற்கே செலவாயிற்று.

இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைவோம். உணவை வேக வைப்பது அதன் வெப்பநிலையே. தீயின் உயரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

திங்கட்கிழமை: இட்லி

நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று ஊறவைத்து அரைத்து, உப்புச் சேர்த்துக் கரைத்து வைத்தால், திண்டுக்கல் வெயிலுக்கு மறுநாள் காலைக்குள் மாவு பொங்கி நிற்கும். மாவிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகின்றன. உளுந்தின் பசை அந்த வாயுவைக் குமிழிகளாகப் பிடித்து வைக்கிறது. குளிர்ந்த இடங்களில் இந்த நுண்ணுயிரிகள் மெதுவாகத்தான் வேலை செய்யும்; மாவு பொங்கக் கூடுதல் நேரம் ஆகும்.

இட்லிப் பானையில் மாவை வேக வைப்பது நீராவி. நீராவி குளிர்ந்த மாவின்மேல் படிந்து நீராக மாறும்போது, ஒவ்வொரு கிராமும் சுமார் 2,260 ஜூல் வெப்பத்தை மாவிடம் விட்டுச் செல்கிறது. இதுவே நீங்கள் வகுப்பில் படித்த உள்ளுறை வெப்பம். சுமார் 70 டிகிரியைத் தாண்டியதும் அரிசியின் மாப்பொருள் நீரை உறிஞ்சிப் பருத்துக் குழைகிறது. குமிழிகள் விரிந்த நிலையிலேயே மாவு இறுகிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பஞ்சு போன்ற இட்லி தயார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு கிராம் கொதிநீர் உங்கள் தோலில் பட்டு 40 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 250 ஜூல் வெப்பத்தைத் தரும். ஒரு கிராம் நீராவி பட்டால் உள்ளுறை வெப்பமும் சேர்ந்து 2,500 ஜூல் வரும், பத்து மடங்கு! எனவே இட்லிப் பானையைத் திறக்குமுன் அடுப்பை அணையுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். மூடியின் மறுபுற விளிம்பை முதலில் தூக்கி, ஆவியை உங்களுக்கு எதிர்ப்பக்கம் வெளியேற விடுங்கள்.

செவ்வாய்க்கிழமை: தோசை

மீதி மாவில் சிறிது நீர் விட்டால் தோசை மாவு. அதே மாவுதான். ஆனால் இட்லி வெள்ளையாக இருக்கிறது. தோசை பொன்னிறமாகி மணக்கிறதே, ஏன்?

நீராவி சூழ்ந்திருக்கும் இட்லி 100 டிகிரியைத் தாண்ட வழியில்லை. இரும்புத் தோசைக்கல்லோ 200 டிகிரியை எட்டக்கூடியது. ஊற்றிய மாவில் ஈரம் உள்ளவரை அதுவும் 100 டிகிரியிலேயே நிற்கும். ஈரம் வற்றியபின் அடிப்பரப்பின் வெப்பநிலை ஏறுகிறது. சுமார் 140 டிகிரியைத் தாண்டியதும் மாவிலுள்ள புரதப் பொருள்களும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து நிறமும் மணமும் தருகின்றன. இந்த வினையை 1912ஆம் ஆண்டில் விளக்கியவர் மெயிலார்டு என்னும் பிரெஞ்சு அறிஞர். அவர் பெயரால் இது மெயிலார்டு வினை எனப்படுகிறது.

கல் சரியாகக் காய்ந்துவிட்டதா என்று அறிய அம்மா என்ன செய்கிறார்? கொஞ்சம் நீரைத் தெளிக்கிறார். 'சுர்' என்று உடனே மறைந்தால் பதம் சரி. துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் மிகவும் சூடாகிவிட்டது என்று பொருள். அப்போது துளியின் அடியில் ஓர் ஆவிப் படலம் உண்டாகி, துளியைக் கல்லில் ஒட்டவிடாமல் தாங்குகிறது. ஆவி வெப்பத்தை எளிதில் கடத்தாததால் துளி வற்றவும் தாமதமாகிறது. 1756இல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை ஆராய்ந்து எழுதினார். அந்தக் கல்லில் மாவை ஊற்றினால் சரியாகத் தேய்க்க வராது. தீயைக் குறைத்து, நீர் தெளித்துத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

சின்னஞ்சிறு தம்பிக்கு மாவை அவன் பெயரின் முதல் எழுத்து வடிவில் ஊற்றிக் கொடுங்கள். இன்னொன்று கேட்பான்!

புதன்கிழமை: குழிப் பணியாரம்

மூன்றாம் நாள் மாவு சற்றுப் புளித்திருக்கும். கவலை வேண்டாம். கடுகு, உளுத்தம் பருப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து மாவில் கொட்டுங்கள். பணியாரக் கல்லின் குழிகளில் எண்ணெய் விட்டு, முக்கால் குழி அளவு ஊற்றி மூடுங்கள். அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பிப் போடுங்கள்.

பணியாரத்தின் வெளிப்புறம் தோசை, உட்புறம் இட்லி. சூடான இரும்பைத் தொடும் பரப்பு ஈரம் வற்றிச் சிவக்கிறது. உள்ளே ஈரம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டாமல் மெத்தென்று வேகிறது. பிள்ளைகள் பணியாரத்தை விரும்புவதன் இரகசியம் இதுவே.

இன்னொரு விதியும் இங்கே புரியும். ஒரு பொருளின் மையத்துக்கு வெப்பம் சென்று சேரும் நேரம், அதன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனம் இரு மடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். சிறு குழிகளில் மாவு விரைவில் வேகிறது. முழு உருளைக்கிழங்கைவிட நறுக்கிய கிழங்கு விரைவில் வேகிறது. நேரம் குறைவாக இருக்கும் நாளில் காய்களைச் சிறிதாக நறுக்குங்கள்.

வியாழக்கிழமை: காய்கறிக் குஸ்கா

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சீரகச் சம்பா அரிசிப் பிரியாணிதான் நினைவுக்கு வரும். கறி இல்லாத குஸ்காவைப் பிரஷர் குக்கரில் அரை மணியில் செய்துவிடலாம். ஒரு டம்ளர் சீரகச் சம்பாவைக் கழுவி இருபது நிமிடம் ஊறவையுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, புதினா ஆகியவற்றை வதக்குங்கள். பட்டாணியும் நறுக்கிய கேரட்டும் சேர்த்து, ஒன்றரை டம்ளர் நீர், உப்பு, மிளகாய்த் தூள் போட்டு, கொதித்ததும் அரிசியைக் கொட்டி மூடுங்கள். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் வைத்து அணையுங்கள். தொட்டுக்கொள்ளத் தயிர்ப் பச்சடி போதும்.

குக்கரின் மேலுள்ள வெயிட், உள்ளே ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ கூடும்வரை ஆவியை அடைத்து வைக்கிறது. அழுத்தம் கூடுவதால் கொதிநிலையும் கூடிச் சுமார் 120 டிகிரியாகிறது. பத்து டிகிரி ஏறினால் வேகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. அப்படியானால் 20 டிகிரிக்கு நான்கு மடங்கு! கொடைக்கானலில்கூடக் குக்கருக்குள் சுமார் 117 டிகிரி கிடைக்கும். அந்த அம்மையார் கேட்டது எவ்வளவு சரி, பாருங்கள்.

இக்கருவியின் முன்னோடியை 1679இல் செய்தவர் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. 1682இல் இலண்டன் ராயல் சங்கத்தாருக்கு அதில் சமைத்து இரவு விருந்தே வைத்தார். எலும்புகூடப் பாலாடைக்கட்டி போல மிருதுவாகிவிட்டதாம். அழுத்தம் மிஞ்சினால் ஆவி தானே வெளியேற, பாதுகாப்பு வால்வையும் அவர் அமைத்தார்.

நீங்களும் பாதுகாப்பை மறக்கலாகாது. மூடுமுன் மூடியிலுள்ள ஆவிக்குழாய் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். அரிசியானால் குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும், பருப்பானால் பாதிக்கு மேலும் நிரப்பாதீர்கள். பருப்பு நுரைத்துக் குழாயை அடைத்துவிடும். அழுத்தம் தானாக அடங்குமுன் மூடியைத் திறக்க முயலவே கூடாது.

ஒரு சிலிண்டர் கணக்கு

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 4.2 × 70 = 294 கிலோ ஜூல் வெப்பம் போதும். அந்த நீர் முழுவதையும் ஆவியாக்க 2,260 கிலோ ஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல்.

திறந்த பாத்திரத்தைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, நாள்தோறும் அரை லிட்டர் நீரை வீணாக ஆவியாக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குரிய வெப்பம் 1,130 கிலோ ஜூல். அடுப்பின் வெப்பத்தில் 60 சதவீதம் பாத்திரத்தைச் சேர்கிறது என்று கொண்டால், எரிவாயு தர வேண்டியது சுமார் 1,880 கிலோ ஜூல். ஒரு கிலோ சமையல் எரிவாயு ஏறத்தாழ 46,000 கிலோ ஜூல் தரும். ஆக ஒரு நாளைக்கு 41 கிராம் வீண். ஆண்டுக்கு? ஏறத்தாழ 15 கிலோ! வீட்டுக்கு வரும் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. ஆண்டுக்கு ஒரு முழுச் சிலிண்டரை ஆவியாக்கிக் காற்றில் விடுகிறோம். மாதச் சம்பளத்தில் சிலிண்டருக்கென்று பணம் எடுத்து வைக்கும் அம்மாவுக்கு இது சிறிய தொகை இல்லை. விறகு அடுப்பானாலும் கணக்கு இதுவே. வீணாவது விறகும், அதைச் சுமந்தவரின் உழைப்பும்.

கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். பாத்திரத்தை மூடுங்கள். இவ்வளவுதான் செய்ய வேண்டியது.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவர் துணையுடன் செய்யுங்கள். ஒரே அளவான இரு பாத்திரங்களில் அரை லிட்டர் நீர் எடுத்துக் கொதிக்க வையுங்கள். ஒன்றில் தீயைப் பெரிதாகவே விடுங்கள். மற்றதில், கொதி அடங்காத அளவுக்குத் தீயைக் குறையுங்கள். ஒரே அளவாக நறுக்கிய உருளைக்கிழங்குத் துண்டுகளை இரண்டிலும் போடுங்கள். எது முதலில் வேகிறது என்று குறியுங்கள். பிறகு அடுப்பை அணைத்து, ஆறியபின் மீதி நீரை அளந்து பாருங்கள்.

ஒரு கேள்வி

கொடைக்கானல் கதையை நான் முடிக்கவில்லையே! அந்த அம்மையார் தம் வீட்டுத் தோசைக்கல்லை எடுத்து வந்தார். கோதுமை மாவைக் கரைத்து, வெங்காயம் நறுக்கிப் போட்டு, இருபது பிள்ளைகளுக்கும் சுடச் சுடத் தோசை வார்த்துக் கொடுத்தார். ஒவ்வொரு தோசையும் திண்டுக்கல்லில் வேகும் அதே நேரத்தில்தான் வெந்து முறுகலாக வந்தது.

பருப்பைத் தடுத்த மலைக் காற்று, தோசையைத் தடுக்காதது ஏன்? இன்று இரவு சாப்பிடும்போது வீட்டாரிடம் கேளுங்கள். விடை உங்கள் தட்டிலேயே இருக்கிறது.