அச்சமும் வெறுங்கையும்

அச்சம் எதனால் பிறக்கிறது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் இதற்கு விடை வகுத்திருக்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கும் அச்சத்தின் நிலைக்களன்கள் என்பது அவர் கொள்கை. வகுப்பில் இதனைப் பாடமாகக் கேட்கும் நாம், விடுதி அறைக்குத் திரும்பியதும் அந்த நான்கையும் கணினித் திரையில் தேடிச் செல்கிறோம். பேயும், நடமாடும் பிணமும், வெறிநாயும், கோடரி ஏந்திய கொடியோரும் நிறைந்த வீடியோ கேம்களை அறியாதார் நம்முள் சிலரே. அவற்றுள் 'சர்வைவல் ஹாரர்' எனப்படும் வகை, அதாவது அஞ்சியஞ்சி உயிர் தப்பும் ஆட்டம், ஒரு காலத்தில் ஓங்கி நின்றது, பின்னர்த் தளர்ந்தது. ஏன் தளர்ந்தது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

வரலாறு சிறிதே. ஜப்பானியக் கேப்காம் நிறுவனம் 1989-இல் 'ஸ்வீட் ஹோம்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. பிரான்சு நாட்டில் 1992-இல் 'அலோன் இன் தி டார்க்' தோன்றியது. இவ்விரண்டும் போட்ட பாதையில் 1996-இல் வந்தது 'ரெசிடென்ட் ஈவில்'. சின்ஜி மிகாமி இயக்கிய இவ்வாட்டத்தால்தான் இவ்வகைக்குப் பெயரே நிலைத்தது.

அதில் ஆட்டத்தைச் சேமிப்பதற்கும் கணக்கு உண்டு. தட்டச்சுப் பொறி இருக்கும் அறையை அடைய வேண்டும். அதற்கு மை நாடா வேண்டும். மை நாடாவோ எண்ணிக் கொடுத்தது. கிறிஸ் என்னும் வீரனைத் தேர்ந்தால் ஆறு பொருள்களே சுமக்கலாம். ஜில் என்பாளைத் தேர்ந்தால் எட்டு. சாவியை எடுத்தால் மூலிகையை விட்டுச் செல்ல நேரும். கையில் பத்துக் குண்டு, தாழ்வாரத்தில் இரண்டு பிணம். சுடுவதா, ஒதுங்கி ஓடுவதா? ஆடுபவனின் நெஞ்சு படபடப்பது இந்தக் கணக்கைப் போடும்போதுதான். பிணம் அவ்வளவு அழகாகவும் வரையப்படவில்லை!

நான் பிறந்த வாளையார் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே மலையடிவாரத்தில் அமைந்த எல்லைச் சிற்றூர். இருப்புப் பாதையே அங்குக் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. யானை இறங்கும் ஊர். பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து யானையைக் காணும் பயணி கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கிறான். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, பேட்டரி தேய்ந்த டார்ச்சோடு நள்ளிரவில் நடந்து வருபவனுக்கோ அதே யானையைக் கண்டால் நா வறள்கிறது. விலங்கு ஒன்றே, கைதான் வேறு. அப்பக்கத்தில் ஒடியன் கதை கேளாத முதியோர் அரியர். காளையாகவும் எருமையாகவும் உருமாறி இருட்டில் வழி மறிப்பவன் அவன் என்பர். தெருவிளக்கு வந்ததும் ஒடியன் போய்விட்டான் என்பார் என் பாட்டி. 2018-இல் மோகன்லால் நடிப்பில் அவன் வெள்ளித்திரைக்கு வந்தபோது, நான் இருந்த அரங்கில் விசில்தான் பறந்தது.

வறுமையே வளமான இன்னொரு சான்றும் உண்டு. கொனாமி நிறுவனத்தின் 'சைலண்ட் ஹில்' 1999-இல் வெளிவந்தது. அக்காலப் பிளேஸ்டேஷன் கருவியால் நெடுந்தொலைவுக் காட்சியை வரைய இயலாது. ஆகவே ஊரையே மூடுபனியால் மூடினார்கள். அரக்கர் நெருங்கினால் சட்டைப்பையிலுள்ள வானொலி கரகரக்கும். எத்திசையில் என்பது தெரியாது. கருவியின் குறையே ஆட்டத்தின் உயிராயிற்று. 2012-இல் இத்தொடரின் இரண்டாம், மூன்றாம் ஆட்டங்களைத் தெளிவு கூட்டி மறுபதிப்பாக விற்றபோது, சில இடங்களில் பனி மெலிந்து, மறைந்திருந்த நிலத்தின் விளிம்பெல்லாம் வெளியே தெரிந்தது. ஆடியோர் நொந்துகொண்டனர்.

இனித் தளர்ச்சிக்கு வருவோம். 2005-இல் மிகாமியே 'ரெசிடென்ட் ஈவில் 4' ஆட்டத்தைப் படைத்தார். கேமரா வீரனின் தோளுக்குப் பின்னே வந்து நின்றது. பகைவர் கூட்டங்கூட்டமாய் வந்தனர். வீழ்ந்தவர் பலர் குண்டுகளையும் பொற்காசுகளையும் உதிர்த்துச் சென்றனர். துப்பாக்கி விற்க ஒரு வணிகனும் ஆங்காங்கே காத்திருந்தான். மிகச் சிறந்த ஆட்டம் அது. ஆனால் அதைப் பின்பற்றியோர் அதன் செல்வத்தை மட்டுமே கற்றுக்கொண்டனர். 2009-இல் வந்த ஐந்தாம் ஆட்டத்தில் வீரனுக்குத் துணையும் கிடைத்தது. 2012-இல் வந்த ஆறாம் ஆட்டம் பெரும்பாலும் போர்க்களமே. 2013-இன் 'டெட் ஸ்பேஸ் 3' எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே குண்டைப் பொதுவாக்கியது. இணைந்தாட நண்பனையும் அழைத்தது.

இதற்குப் பணமே காரணம். ஆட்டம் ஆக்கும் செலவு ஏறிற்று. 'டெட் ஸ்பேஸ்' போன்ற தொடர் தொடர வேண்டுமானால் ஏறத்தாழ 50 இலட்சம் படிகள் விற்க வேண்டும் என்று அதனை வெளியிட்ட இ.ஏ. நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவர் 2012-இல் வெளிப்படையாகவே சொன்னார். அத்தனை பேரையும் அழைக்க வேண்டுமெனில் அஞ்சுவோரையும் அழைத்தாக வேண்டும். அவர் அஞ்சி ஓடிவிடாதபடி கை நிறையக் குண்டு கொடுத்தாக வேண்டும்.

மக்களுக்கு அச்சமே சலித்துவிட்டது என்பார் உளர். ஆயின், சுவீடன் நாட்டுச் சிறு நிறுவனம் ஒன்று 2010-இல் வெளியிட்ட 'அம்னீசியா' ஆட்டத்தை அவர்கள் எங்கே வைப்பர்? அதில் படைக்கலம் ஒன்றுமே கிடையாது. விளக்குக்கு எண்ணெய்கூட அளந்துதான். 2013-இன் 'அவுட்லாஸ்ட்' ஆட்டத்திலோ இருட்டில் பார்க்க ஒரு கேமராவும், தீர்ந்துகொண்டே போகும் பேட்டரியும்தான் துணை. இரண்டையும் பல்லாயிரவர் நாடி ஆடினர்.

பெரிய நிறுவனங்களும் பிறகு திரும்பின. 'ரெசிடென்ட் ஈவில் 7' 2017-இல் வந்தது. இரண்டாம் ஆட்டம் 2019-இல் புதிதாக ஆக்கப்பெற்றது. 'சைலண்ட் ஹில் 2' 2024-இல் மீண்டும் பிறந்தது. 2019-இன் ஆட்டத்தைச் சிறிது உற்று நோக்க வேண்டும். அதிலும் கேமரா தோளுக்குப் பின்னேதான் நிற்கிறது. எனவே கேமரா மாறியதால் அச்சம் செத்தது என்னும் வாதம் நில்லாது. குண்டுகள் மீண்டும் குறைந்தன, அதுவே மாற்றம்.

தொல்காப்பியரின் நான்காவது நிலைக்களன் எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது. பேயையும் புலியையும் கள்வனையும் சொன்னவர், அவற்றோடு தலைவனை ஏன் நிறுத்தினார்? தலைவன் முன் நம் ஆற்றல் எதுவும் செல்லாது, அதனால்தான் போலும். 2019-இன் ஆட்டத்தில் தொப்பியும் நெடுஞ்சட்டையும் அணிந்த நெட்டையன் ஒருவன் காவல் நிலையத்தினுள் துரத்துகிறான். அங்கே அவனைக் கொல்ல முடியாது. அரிய குண்டுகளைச் செலவழித்தால் சிறிது நேரம் மண்டியிடுவான். பிறகு எழுந்து, ஓடாமல், நடந்தே வருவான். மாடியில் அவன் காலடி ஓசை கேட்கும்போது, கீழ்த்தளத்தில் நிற்பவன் தன் குண்டுகளை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறான்.